வாசகர் கேள்வி: இரவு ஒரு மணி வரை படித்தும் வரலாறு ஏறவில்லை

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் வசிக்கிறேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, இப்போது பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் இருக்கிறேன். ஒன்பது பாடங்கள் எடுக்கிறேன். அரையாண்டுச் சோதனையில் தமிழுக்கு ஏ, கணக்கியலுக்கு பி, கணிதத்துக்கு சி, மலாய்மொழிக்கு டி, வரலாற்றுக்கு ஜி. வரலாற்றில் தோல்வி என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. காலை ஐந்தே முக்காலுக்குப் பேருந்து. வீடு திரும்ப மூன்று மணியாகும். இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து படிக்கிறேன். பாடநூலின் மலாய் கடினமாக இருப்பதால், அக்கா 2016இல் எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வை எழுதியபோது பயன்படுத்திய வரலாற்றுப் பயிற்சி நூலை மூன்று முறை முழுமையாக வாசித்து, முக்கியமான வரிகளை வண்ணப் பேனாவால் தீட்டி வைத்திருக்கிறேன். மெசபடோமியா, ரோம் எல்லாம் தெரியும். சோதனையில் ஒன்றும் வரவில்லை. என் தோழி டியூஷனுக்குப் போகிறாள்; அப்பாவின் சம்பளத்தில் அது முடியாது. தமிழை விட்டுவிட்டு அந்த நேரத்தில் வரலாறு படி என்று சிலர் சொல்கிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு இன்னும் பதினெட்டு வாரங்களே உள்ளன. எட்டு ஏ எடுக்காவிட்டால் எனக்கு எதிர்காலமே இல்லையா?
— ஐந்தாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை என் கண்ணில் நின்றது இரவு ஒரு மணி என்பது; இரண்டாம் முறை நின்றது 2016 என்ற ஆண்டு. உன் சிக்கலில் பாதி அந்த ஆண்டுக்குள்ளேயே இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உன் அக்கா எழுதியது பழைய பாடத்திட்டத்தின் தேர்வு. 2017இல் முதலாம் படிவத்தில் அறிமுகமான கே.எஸ்.எஸ்.எம். என்னும் புதிய பாடத்திட்டம், அந்த மாணவர்கள் ஐந்தாம் படிவத்துக்கு வந்த 2021ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். தேர்விலும் நடப்புக்கு வந்துவிட்டது. பழைய நான்காம் படிவ வரலாறு மெசபடோமியா, எகிப்து, சிந்து சமவெளி என்று ஆதி நாகரிகங்களிலிருந்து தொடங்கும். புதிய திட்டத்தில் அந்தப் பகுதிகள் முதலாம் படிவத்துக்குப் போய்விட்டன. உன்னுடைய நான்காம் படிவப் பாடநூலைத் திறந்து பொருளடக்கத்தைப் பார்: தேசியவாதத்தின் எழுச்சி, ஜப்பானியர் ஆட்சி, 1948ஆம் ஆண்டின் மலாயாக் கூட்டமைப்பு, கம்யூனிஸ்டு மிரட்டலும் அவசரகாலமும், தேர்தல், சுதந்திரப் பிரகடனம் எனப் பத்து அத்தியாயங்கள் இருக்கும். ஐந்தாம் படிவ நூலில் நாட்டின் இறையாண்மை, கூட்டரசு அரசியலமைப்பு, மலேசியாவின் உருவாக்கம் தொடங்கி வெளியுறவுக் கொள்கை, உலக அரங்கில் மலேசியா வரை இன்னும் பத்து. இந்த இருபது அத்தியாயங்கள்தான் உன் தேர்வு. அக்காவின் நூலின் பின்பாதியில் சில பகுதிகள் உனக்குப் பொருந்தும். முன்பாதியில் பெரும்பகுதி பொருந்தாது. அக்கா எழுதிய காலத்தில் புத்தகத்தைப் பார்த்து எழுதும் மூன்றாம் தாள் ஒன்றும் இருந்தது. அதுவும் இப்போது இல்லை. முதல் தாளில் நாற்பது புறவயக் கேள்விகள், இரண்டாம் தாளில் அமைப்புக் கேள்விகளும் கட்டுரைக் கேள்விகளும் என்பதே உனக்குரிய தேர்வு முறை.

ஆகவே, மகளே, அந்த ஜி உன் மூளையின் அளவுகோல் என்று எண்ணி வெட்கப்பட்டுக்கொண்டிருக்காதே. தேர்வில் கேட்கப்படாத பாடத்தை மூன்று முறை வாசித்திருக்கிறாய். தோட்டப்புறத்து வீடுகளில் அண்ணன், அக்கா, சித்தப்பா மகன் என்று கைமாறி வரும் பயிற்சி நூல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய பொருளை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் காரணம். இதை வாசிக்கும் பெற்றோரும் கவனிக்க வேண்டும்: பழைய கேள்வித்தாளோ பயிற்சி நூலோ எந்தப் பாடமாக இருந்தாலும், 2021க்கு முந்தையதென்றால் ஆசிரியரிடம் காட்டிக் கேட்காமல் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். பள்ளி இரவலாகக் கொடுத்திருக்கும் பாடநூல் அதைவிட நம்பகமானது.

இனி இரண்டாம் பாதிக்கு வருகிறேன். சரியான புத்தகத்தை எடுத்துக்கொண்டாலும், இப்போது படிக்கும் முறையிலேயே படித்தால் இதே களைப்புதான் மிஞ்சும் என்று அஞ்சுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் என் மேசைக்கு முன் வந்து உட்கார்ந்தான். அவன் கையிலிருந்த வரலாற்றுக் குறிப்பேட்டில் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று வண்ணம் படாத வரியே இல்லை. அந்தப் பக்கத்தை அவன் எத்தனை முறை படித்தான் என்று கேட்டேன். ஐந்து முறை என்றான். ஏட்டை மூடச் சொல்லி, மளிகைக் கடை நாள்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாளின் வெள்ளைப் பின்புறத்தைக் கொடுத்து, நினைவில் இருப்பதை மட்டும் எழுதச் சொன்னேன். பத்து நிமிடத்தில் நான்கு வரி வந்தது. நான்காவது வரி பாதியில் நின்றது. அவன் கண் கலங்கிவிட்டது. ஏட்டைத் திறந்து விடுபட்டதைப் பார்க்கச் செய்து, மீண்டும் மூடி, மறுநாள் காலையில் வந்து அதே தாளின் கீழ்ப்பாதியில் எழுதச் சொன்னேன். மறுநாள் பதினொரு வரி எழுதினான். அவன் இடையில் அந்தப் பக்கத்தை வாசிக்கவே இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. வாசிக்கும்போது கண்ணுக்குப் பழகிப்போன வரி, தெரிந்த வரி போலத் தோன்றும். தெருவில் அடிக்கடி எதிர்ப்படும் ஒருவரின் முகம் தெரியும், பெயர் தெரியாது என்ற நிலை அது. தேர்வு மண்டபத்திலோ முகம் எதிரில் வராது. பெயரை நீயே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்னும் இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை ஓர் உரைநடைப் பகுதியைப் படிக்கச் செய்தபின், ஒரு முறை அதையே திரும்ப வாசிக்கவும், மற்றொரு முறை வேறொரு பகுதியைப் படித்துவிட்டு அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதவும் வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்ததற்கு 81 விழுக்காடும் நினைவிலிருந்து எழுதியதற்கு 75 விழுக்காடும் கிடைத்தன. ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடம் நிலைமை தலைகீழானது: திரும்ப வாசித்ததில் 42, நினைவிலிருந்து எழுதியதில் 56. நீ இரவு ஒரு மணிக்குப் புத்தகத்தை மூடும்போது எல்லாம் ஏறிவிட்டதாக உணர்வதும், சோதனை நாளன்று ஒன்றும் இல்லாமல் போவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகின்றன. நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் இதை அறியாமல், தோல்வியுற்று வந்த பிள்ளைகளிடம் இன்னும் ஒரு முறை வாசி என்றே சொல்லி அனுப்பினேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் உறுத்துகிறது.

எனவே உனக்கு நான் சொல்லும் முறை இது. ஓர் அத்தியாயத்தில் ஐந்தாறு பக்கங்களை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு முறை, நிதானமாக, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி. புத்தகத்தை மூடு. வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதை எழுது. மலாய்ச் சொல் வராத இடத்தில் தமிழில் எழுது, ஆனால் நிறுத்தாதே. பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் அந்தத் தாளிலேயே சேர். மறுநாள் அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் பாராமல் சொல்லிப் பார். ஒரு வாரம் கழித்து முழுப் பகுதியையும் மறுபடி வெற்றுத் தாளில் எழுது. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. மறக்கத் தொடங்கும் நேரத்தில் இழுத்துப் பிடித்தால்தான் நினைவு நிலைக்கும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், ஏனென்றால் வாசிப்பதில் கிடைக்கும் சுகம் இதில் இல்லை. அந்த எரிச்சலைக் கண்டு பழைய வழிக்குத் திரும்பிவிடாதே என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாரத்துக்கு இரண்டு அத்தியாயங்கள் என்று வைத்துக்கொண்டால் இருபது அத்தியாயங்களும் பத்து வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். மீதி எட்டு வாரங்கள் கேள்விகளுக்கு விடை எழுதிப் பழகுவதற்கு. இடையில் பள்ளியின் முன்னோட்டத் தேர்வு வந்து நிற்கும். உன் சுற்று அதற்குள் முடியாமல் போகலாம். அப்படியானால் முடித்த அத்தியாயங்களில் எப்படிச் செய்திருக்கிறாய் என்பதை மட்டும் பார். படிக்காத பகுதியில் புள்ளி போனதற்காகத் திட்டத்தையே குலைத்துக்கொள்ளாதே.

நீ வசிக்கும் ஊரே உன் பாடநூலில் இருப்பதை நீ கவனித்தாயா? நான்காம் படிவ நூலின் ஆறாவது அத்தியாயம் அவசரகாலத்தைப் பற்றியது. 1948ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18 அன்று மலாயா முழுவதற்கும் அவசரகாலம் விரிவுபடுத்தப்பட்டது. தொடர்ந்து, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு அடையாள அட்டை வந்தது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் சிதறி வாழ்ந்த மக்கள் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் குடியேற்றப்பட்டார்கள். தோட்டப்பாட்டாளிகளின் லயன்களும் பல இடங்களில் வேலிக்குள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போய்ச் சேராதபடி அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1952இல் பிரிட்டிஷ் உயர் ஆணையராக டெம்ப்ளர் வந்து, மக்களின் மனத்தை வெல்லும் முயற்சிகளை முன்னெடுத்தார். 1955 டிசம்பரில் கம்யூனிஸ்டுகளோடு பாலிங் பேச்சுவார்த்தை நடந்து முறிந்தது. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிவுக்கு வந்தது.

இதை நான் எப்படி எழுதினேன் என்று பார். ஒரு நிகழ்ச்சி, அதற்கு அரசாங்கத்தின் எதிர்வினை, அதனால் மக்களுக்கு நேர்ந்தது, அடுத்த நிகழ்ச்சி என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வருகிறது. ஏன் அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது என்று தெரிந்தவளுக்கு அது தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய குறிப்பாக இருக்காது. உங்கள் தோட்டத்திலோ பக்கத்துக் கம்பத்திலோ எண்பதைத் தாண்டிய பாட்டிமார் இருந்தால் ஒரு மாலை அவர்களிடம் போய் உட்கார்ந்து, வேலி போட்ட காலம் எப்படி இருந்தது என்று கேள். ஊரடங்கையும் சோதனைச் சாவடியையும் பற்றி அவர்கள் சொல்லக் கேட்டபின், அந்த அத்தியாயத்தின் மலாய்ச் சொற்கள் உனக்கு அந்நியமாக இருக்க மாட்டா. அதேபோல, 1955 ஜூலையில் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் கூட்டணிக் கட்சி 52 இடங்களில் 51ஐ வென்றதைப் படிக்கும்போது, அத்தேர்தலில் வென்று தொழிலாளர் அமைச்சரான துன் வீ.தி. சம்பந்தன் உங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் என்பதையும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் பாட்டாளிகளே தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தையும் சேர்த்து நினைத்துக்கொள்.

கட்டுரைக் கேள்வியில் நம் பிள்ளைகள் புள்ளியை இழக்கும் இடம் ஒன்று உண்டு. காரணத்தைச் சொல்லிவிட்டு அடுத்த காரணத்துக்குத் தாவிவிடுவார்கள். வரலாற்று விடையில் ஒரு தகவலுக்கும், அதை விளக்கும் வாக்கியத்துக்கும் தனித்தனியே புள்ளி உண்டு. அடையாள அட்டை அறிமுகப்படுத்தப்பட்டது என்பது தகவல். பொதுமக்களையும் ஆயுதமேந்தியவர்களையும் பிரித்தறிவதற்காக என்பது விளக்கம். ஒவ்வொரு தகவலையும் எழுதி முடித்ததும் ஏன், எப்படி என்று உன்னையே கேட்டு ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதும் பழக்கத்தை இப்போதே கொண்டுவந்துவிடு. கேள்வியில் ஞாத்தாக்கான் (குறிப்பிடுக) என்று இருந்தால் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜெலாஸ்கான் (தெளிவுபடுத்துக), ஹுராய்கான் (விளக்குக) என்று இருந்தால் விளக்கம் இல்லாத விடை பாதி விடைதான்.

மலாய்மொழி டி என்பதும் இந்த ஜி என்பதும் எனக்கு ஒரே நோயாகத் தெரிகின்றன. கதை உனக்குத் தமிழில் புரிகிறது. விடை மலாயில் வர மறுக்கிறது. கடையிலும் பேருந்திலும் நாம் பேசும் மலாய் வேறு, தேர்வு கேட்கும் மலாய் வேறு; இரண்டுக்கும் நடுவில் இருப்பவை முன்னொட்டும் பின்னொட்டும். பெரி என்றால் கொடு. மெம்பெரி என்றால் கொடுத்தல் என்னும் வினை. பெம்பெரியான் என்றால் கொடை. கொடு என்னும் வேரிலிருந்து கொடை பிறப்பதை உன் தமிழாசிரியர் இலக்கண வகுப்பில் காட்டியிருப்பார் அல்லவா? தமிழில் ஏ எடுக்கும் பிள்ளைக்கு வேர்ச்சொல்லைப் பிரித்துப் பார்க்கும் கண் ஏற்கெனவே இருக்கிறது. அதே கண்ணை மலாய்ப் பக்கம் திருப்ப வேண்டும். வரலாற்றில் ஓர் அத்தியாயம் முடிக்கும்போது அதில் வரும் பத்து மலாய்ச் சொற்களை வேர்ச்சொல்லோடும் தமிழ்ப் பொருளோடும் ஒரு சிறு ஏட்டில் எழுதிக்கொள். இருபது அத்தியாயங்களில் இருநூறு சொற்கள் சேரும். அவை மலாய்க் கட்டுரைக்கும் அப்படியே கைகொடுக்கும்.

மலாய்மொழி முதல் தாளில் வழிகாட்டலுடன் எழுதும் பகுதிக்கு 30 புள்ளிகள், முழுக் கட்டுரைக்கு 70 புள்ளிகள். வாரத்துக்கு ஒரு முழுக் கட்டுரை எழுதி உன் மலாய் ஆசிரியரிடம் கொடு. ஆசிரியர் வேலைப்பளுவில் இருப்பார் என்று தயங்காதே. கேட்டு வரும் பிள்ளையை விரும்பாத ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை. திருத்தி வந்த கட்டுரையில் சிவப்புக் கோடு விழுந்த வாக்கியங்களை மட்டும் எடுத்துச் சரியாகத் திரும்ப எழுது. வாய்மொழித் தேர்வு எழுத்துத் தேர்வுக்கு முன்பே வரும் என்பதால் தினமும் ஐந்து நிமிடம் உரக்கப் பேசிப் பழகுவது நல்லது. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இருக்கும் பேச்சுப் பழக்கம் தோட்டத்தில் கிடைப்பதில்லை.

கணிதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாம் படிவம் முதல் ஐந்தாம் படிவம் வரையிலான பாடங்கள் அனைத்தும் தேர்வில் வரும். நீ தவறு செய்த கணக்குகளுக்கென்று தனி ஏடு வை. அந்தக் கணக்கையே ஒரு வாரம் கழித்து விடையைப் பாராமல் செய். தவறுகளின் வேர் பெரும்பாலும் கீழ்ப்படிவங்களில் இருக்கும்: பின்னம், எதிர்மறை எண், இயற்கணித விரிவாக்கம். சி எடுத்தவள் இந்த மூன்றையும் சரிசெய்தால் ஒரு படி ஏறிவிடலாம். கணக்கியல் நன்றாகவே போகிறது, அதைத் தொடாதே.

தமிழை விட்டுவிடு என்று சொன்னவர்கள் உன் நலனை எண்ணியே சொல்லியிருப்பார்கள். ஆனாலும் நான் அதற்கு உடன்படவில்லை. நீ ஏற்கெனவே ஏ எடுக்கும் பாடம் அது. அதற்கு நீ கொடுக்கும் கூடுதல் நேரம் வாரத்தில் ஒரு வகுப்பும் ஒரு கட்டுரையும்தான். அந்த மூன்று மணி நேரத்தை வரலாற்றுக்குக் கொடுத்து, பழையபடி வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தால் ஜி ஜியாகவே நிற்கும். தமிழ்ப்பள்ளி ஆசிரியராகும் எண்ணம் என்றாவது உனக்கு வருமானால், ஆசிரியர் கல்விக் கழகத்தின் தமிழ்ப் பிரிவுக்கும், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்க் கல்விப் பட்டப்படிப்புக்கும் இந்த எஸ்.பி.எம். தமிழ்தான் வாசல். (1922இல் அது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டது, தேசியவாத எழுச்சியைப் படிக்கும்போது அந்தக் கல்லூரியின் பெயர் உன் கண்ணில் படும்.) இடைநிலைப்பள்ளியில் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தலாம் என்பது கல்விச் சட்டம் தந்திருக்கும் இடம். சிறிய பட்டணங்களில் அந்த எண்ணிக்கை ஒருவர் இருவரில் ஊசலாடுவதை நான் பார்த்திருக்கிறேன். வகுப்பைக் காப்பாற்றும் சுமையை உன் தலையில் வைக்கவில்லை. உனக்கு நன்மை தரும் ஒன்றை விட வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன். ஆங்கிலம், அறிவியல், நன்னெறி பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை; அவை தேர்ச்சி நிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

நேரத்தைப் பற்றி. காலை ஐந்தே முக்காலுக்குப் பேருந்து ஏறுகிற பிள்ளை இரவு ஒரு மணி வரை விழித்திருந்தால் நான்கு மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. பகலில் படித்ததை மூளை ஒழுங்குபடுத்தி நிலைநிறுத்துவது தூக்கத்தில்தான். மறுநாள் வகுப்பில் ஆசிரியர் நடத்தும் பாடத்தையும் நீ அரைத்தூக்கத்தில் இழக்கிறாய். மூன்று மணிக்கு வந்தால் சாப்பிட்டு, அரை மணி நேரம் படுத்து எழு. வீட்டு வேலையையும் குளியலையும் முடித்துவிட்டு, எட்டு மணிக்கு உட்கார்ந்து ஒன்பதரைக்கு எழுந்திரு. நடுவில் பத்து நிமிட இடைவெளி. அதன்பின் பள்ளி வீட்டுப்பாடம், பத்தரைக்குத் தூக்கம். ஒன்றரை மணி நேரம் போதுமா என்று கேட்பாய். மூடிய புத்தகத்தோடு செலவழித்த ஒன்றரை மணி போதும்; சனி, ஞாயிறு காலைகள் இருக்கின்றன. காலைப் பேருந்தில் இருட்டாக இருக்கும், வாசிக்க முடியாது. முந்திய இரவு எழுதியதை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை. அந்தப் பயண நேரத்தை வரலாற்றுக்கென்றே வைத்துக்கொள். கைப்பேசியை அந்த ஒன்றரை மணி நேரம் அம்மாவிடம் கொடுத்துவிடு.

உன் பெற்றோரிடமும் இரண்டு சொல். ஐயா, அம்மா, டியூஷனுக்குப் பணம் கட்ட முடியவில்லை என்று நீங்கள் மனம் வருந்த வேண்டாம். நல்ல டியூஷன் உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. குறிப்புகளைச் சேகரித்து வைத்துக்கொண்டு ஒரு விடைகூட எழுதிப் பார்க்காத பிள்ளைகளும் அங்கே நிறைய இருக்கிறார்கள். உங்களால் கொடுக்கக்கூடியது ஒன்றிருக்கிறது: எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை தொலைக்காட்சியை நிறுத்துங்கள். மற்ற நேரத்தில் நாடகம் பாருங்கள், அந்த நேரத்தில் வேண்டாம். மகள் தான் படித்த அத்தியாயத்தைத் தமிழில் சொல்ல வந்தால் சமையலுக்கிடையிலும் காது கொடுத்துக் கேளுங்கள். புரியாத இடத்தில் ஏன் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லித் தேறினால் தேர்விலும் தேறுவாள். வீட்டில் இடம் போதாதென்றால், தோட்டத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரையோ மண்டபப் பொறுப்பாளரையோ பார்த்து, ஐந்தாம் படிவப் பிள்ளைகள் நான்கைந்து பேர் மாலையில் உட்கார ஓர் அறை கேட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

எட்டு ஏ பற்றிய உன் கேள்வியை இறுதிக்கு வைத்தேன், ஏனென்றால் அதுதான் உன்னை இரவு ஒரு மணி வரை உட்கார வைக்கிறது என்று நினைக்கிறேன். எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் கிடைக்க மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். வரலாறு இந்தக் கட்டாயத்துக்குள் வந்தது 2013இல். அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு மலாய்மொழியில் சி அல்லது அதற்கு மேலான கிரெடிட் வேண்டும். மற்றப் பாடங்களில் எத்தனை ஏ இருந்தாலும் இவ்விரண்டும் இல்லாமல் நகர முடியாது. இவ்விரண்டும் இருந்தால், மற்றவற்றில் பி, சி என்று வந்தவர்களுக்கும் வழிகள் உண்டு. ஆகவே இந்தப் பதினெட்டு வாரங்களில் உன் முதல் இலக்கு வரலாற்றில் தேர்ச்சி, மலாய்மொழியில் கிரெடிட். அவை கைக்கு வந்தபின் மேலே ஏறலாம்.

வழிகள் என்றேன். மெட்ரிகுலேஷன் என்னும் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பில் பூமிபுத்ரா (மலாய்க்காரரும் பூர்வகுடியினரும்) அல்லாத மாணவர்களுக்கான இடங்கள் குறைவு, போட்டி கடுமை. விண்ணப்பி, ஆனால் அதை மட்டும் நம்பி இராதே. ஆறாம் படிவத்தை நம்மவர் பலர் தேவையில்லாமல் ஒதுக்குகிறார்கள். மூன்று தவணைகளில் முடியும் எஸ்.டி.பி.எம். படிப்புக்குச் செலவு மிகக் குறைவு, அதன் மதிப்பும் பெரிது. கணக்கியலில் உனக்கிருக்கும் கைக்கு டிப்ளோமா வழியும் நன்றாகப் பொருந்தும். நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஒமார் 1969 முதல் உன் பக்கத்து ஊரான ஈப்போவில்தான் இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலேயே சமூகக் கல்லூரி உண்டு. ஒருவேளை வரலாற்றிலோ மலாய்மொழியிலோ தவறிவிட்டாலும், அந்தப் பாடங்களை மறுதேர்வில் தனியாக எழுதலாம். ஓராண்டு முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. பள்ளியின் வழிகாட்டி ஆலோசக ஆசிரியரிடம் இவற்றுக்கான விண்ணப்ப நாள்களை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள். தூக்கம் வராமலும் சாப்பாடு இறங்காமலும் அழுகை அடங்காமலும் நாள்கள் போனால், அதையும் அதே ஆசிரியரிடம் மறைக்காமல் சொல். கேட்பதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

நாளை பள்ளிக்குப் போனதும் வரலாற்று ஆசிரியரைப் பார்த்து, நீ பயன்படுத்திய நூல் பழையது என்பதைச் சொல்லி, 2021க்குப் பிந்தைய கேள்வித்தாள்கள் இரண்டு கேள். இந்த ஞாயிற்றுக்கிழமை நான்காம் படிவ நூலின் ஆறாவது அத்தியாயத்திலிருந்து தொடங்கு. வரிசைப்படி முதல் அத்தியாயத்தில் தொடங்க வேண்டும் என்பதில்லை, உன் ஊரிலிருந்து தொடங்கினால் கைக்குச் சுலபமாக வரும். முன்னோட்டத் தேர்வு முடிந்து திருத்திய தாள் வந்ததும், வரலாற்று இரண்டாம் தாளில் எந்தெந்தக் கேள்வியில் எத்தனை புள்ளி போயிற்று என்று குறித்து எனக்கு மறுபடி எழுது.